வளிமண்டல அறிவியலில் பிஎச்.டி. செய்ய ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை

இயற்பியலோ கணிதமோ எம்.எஸ்சி. முடித்த பலர், வானிலை ஆராய்ச்சிக்குப் போக ஆசை இருந்தும், “அதுக்குன்னு தனியா படிக்கலையே” என்று தயங்கி நின்றுவிடுகிறார்கள். அந்தத் தயக்கம் வேண்டாம். காற்றின் ஓட்டமும் மேகம் திரள்வதும் அடிப்படையில் பாய்ம (திரவ, வாயு) இயக்கவியலும் வெப்ப இயக்கவியலும்தான். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் போன்ற இடங்களில் இயற்பியல், கணிதம் படித்துவிட்டு வந்தவர்களும் வானிலை ஆராய்ச்சி செய்கிறார்கள். உண்மையான தடை பெரும்பாலும் பணம்தான். அதற்கு வழி, நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு மூலம் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை.

2023 ஜனவரி முதல் இந்த உதவித்தொகை முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். அதன்பின் ஒரு குழு உங்கள் ஆய்வை மதிப்பிடும். அது சரி என்றால் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர் உதவித்தொகை) ஆகி, அடுத்த 3 ஆண்டுகளுக்கு மாதம் 42,000. ஐந்து ஆண்டுகளுக்கும் கணக்குப் போட்டால் 24 லட்சம். விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப் படி தனி. இந்தத் தொகை வரும்போது வேறு சம்பளமோ இன்னொரு உதவித்தொகையோ வாங்கக் கூடாது.

அறிவியல் பாடங்களுக்கான நெட் தேர்வு சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கழகம்), யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) இரண்டின் பெயரில் வழக்கமாக ஆண்டுக்கு இரு முறை நடக்கும். அதில் ‘புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியல்’ என்று ஒரே தாள். மொத்தம் 200 மதிப்பெண், 3 மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். மூன்றாம் பகுதியில் வானிலையியல் தனிப் பிரிவாகவே வருகிறது. ஆனால் இரண்டாம் பகுதியில் பாறை, கடல், நில அதிர்வு எல்லாம் கலந்து வரும். வானிலையை மட்டும் படித்துவிட்டுப் போய் அங்கே திணற வேண்டாம். முதுகலையில் 55 சதவீதம் தேவை, எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு 50. ஜே.ஆர்.எஃப்.-க்கு வயது வரம்பு உண்டு. இந்தப் பிரிவினருக்கும் பெண்களுக்கும் அதில் தளர்வு உண்டு.

ஜே.ஆர்.எஃப். நூலிழையில் தவறினாலும் தேர்வு வீணாகாது. 2024 முதல் ‘பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி’ என்றொரு பிரிவு இருக்கிறது. அந்த மதிப்பெண் ஓராண்டு செல்லும். பல்கலைக்கழகச் சேர்க்கையில் அதற்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் எடை. ஜே.ஆர்.எஃப். பெற்றவர்களுக்கு நேர்காணல் மட்டும். ஐ.ஐ.டி.கள் தங்கள் சேர்க்கையைத் தாங்களே நடத்துகின்றன. ‘கேட்’ (பொறியியல், அறிவியல் பட்டதாரிகளுக்கான தேசியத் தேர்வு) மதிப்பெண்ணும் அங்கே செல்லும்.

சேரும் முன் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: பட்டம் தருவது யார்? புனே நிறுவனம் மாதிரியான ஆய்வுக்கூடங்களில் வேலை செய்வது ஓரிடம், பதிவு செய்வது வேறொரு பல்கலைக்கழகம் என்று இருக்கும். கட்டணம், பாடத்திட்டம், ஆய்வேடு விதிகள் எல்லாம் பல்கலைக்கழகத்தின் கையில்.

எனக்கு அதிகம் கவலை தருவது கால அளவு. யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி பிஎச்.டி. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. உதவித்தொகையோ 5 ஆண்டோடு நின்றுவிடும். ஆறாவது ஆண்டுக்குப் பணம் வராது. நம் துறையில் இது கூடுதலாகக் கடிக்கும். வடகிழக்குப் பருவமழையை நேரில் அளந்து ஆராய்பவருக்கு ஐந்து ஆண்டில் கிடைப்பது ஐந்தே பருவங்கள். முதல் ஆண்டு பாட வகுப்பிலேயே ஒன்று போய்விடும். ஓர் அக்டோபரில் கருவி பழுதானால் அடுத்த அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். அதனால் வழிகாட்டியிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: தரவு கையில் இருக்கிறதா, இனிமேல்தான் சேகரிக்க வேண்டுமா?

பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் பட்டம் முடிக்க இன்னும் 2 ஆண்டு கூடுதலாக உண்டு. பெண் ஆய்வாளர்கள் மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக மொத்தம் 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். இது சலுகையல்ல, விதியிலேயே இருக்கிறது. கேட்கத் தயங்க வேண்டாம்.