பலாடா: கதை சொல்லாத பாட்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

மெக்சிகோவின் பாடகர் ஹொசே ஹொசே 2019 செப்டம்பர் 28 அன்று காலமானார். அவரைப் பற்றித் தமிழில் நாலு வரி எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே ஒரு சொல் தடுக்கும். அவர் பாடியது ‘பலாடா’. ஆங்கிலத்தில் இதைப் ‘பேலட்’ என்பார்கள். பேலட்டுக்குத் தமிழில் வழங்கும் சொல் ‘கதைப்பாடல்’. அதை அப்படியே எடுத்துப் போட்டால், முத்துப்பட்டன் கதையையும் நல்லதங்காள் கதையையும் வில்லடித்துப் பாடும் கலைஞர்களின் வரிசையில் அவரும் போய் உட்கார்ந்துவிடுவார். இரண்டும் அருமையான கலைகள்தான், ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது?

சொல்லின் வேர் பிற்கால லத்தீனில் உள்ள ‘பல்லாரே’. ‘நடனமாடு’ என்று பொருள். பாலே நடனத்தின் பெயரும் இதே வேரில் பிறந்ததுதான். தென் பிரான்சின் ஆக்சிதான் மொழியில் ஆட்டத்தோடு பாடிய பாட்டுக்கு ‘பலாதா’ என்று பெயர். அங்கிருந்து கிளம்பிய சொல் போன இடத்திலெல்லாம் வேறு வேறு பொருளை எடுத்துக்கொண்டது. வட பிரான்சில் 14ஆம் நூற்றாண்டில் கியோம் த மஷோ போன்ற கவிஞர்களிடம் அது கட்டுக்கோப்பான ஒரு யாப்பு வடிவம் ஆனது; ஒவ்வொரு பத்தியும் ஒரே அடியில் வந்து முடியும். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ராபின் ஹூட் போன்றவர்களின் கதையை நாலடி நாலடியாகச் சொல்லும் நாட்டார் பாட்டுக்குப் பெயராகியது. நம் ‘கதைப்பாடல்’ இந்த ஆங்கிலப் பொருளை வைத்து நிலைத்தது. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை கட்டபொம்மன், முத்துப்பட்டன் கதைகளைப் பதிப்பித்தபோது இந்தச் சொல் ஆய்வுலகில் அழுத்தமாகப் பதிந்தது. அந்த இடத்தில் அது மிகச் சரியான சொல்.

ஸ்பானிஷில் நிலைமை வேறு. கதை சொல்லும் பழம்பாட்டுக்கு அவர்களிடம் ஏற்கெனவே ‘ரொமான்சே’ என்ற பெயர் இருந்தது. எல்லை வீரர்களையும் அரசர்களையும் பாடும் நூற்றுக்கணக்கான பாடல்கள் அந்தப் பெயரில் உண்டு. அதனால் 20ஆம் நூற்றாண்டின் இசையுலகில் பலாடா என்ற சொல் கதைச் சுமை இல்லாமல் வந்தது. 1960களில், மெதுவாக நகரும், இசைக்குழுவோடு பாடும் காதல் பாட்டு என்ற பொருளில் அது நிலைபெற்றது. முழுப்பெயர் ‘பலாடா ரொமாந்திக்கா’.

இதற்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தது பொலேரோ. கியூபாவின் சந்தியாகோ நகரில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவாகி, மெக்சிகோவுக்கு வந்து, கிதார் மூவர் குழுக்களின் குரலில் ஊரெல்லாம் பரவிய காதல் பாட்டு அது. அதற்கென்று ஒரு தாள நடை உண்டு. ஜோடியாக ஆடவும் செய்வார்கள். பலாடா இந்தப் பொலேரோவின் சோகத்தை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை விட்டுவிட்டது. இத்தாலியின் சான்ரேமோ விழாப் பாட்டுகளும், பிரெஞ்சு சான்சோனும், அமெரிக்கப் பாப்பும் அதில் வந்து கலந்தன. கிதாரும், மராக்கா என்னும் குலுக்கு கருவியும் இருந்த இடத்தில் பியானோவும் வயலின் கூட்டமும் வந்தன. தாழ்ந்த குரலில், பேசுவதுபோல் தொடங்கி, படிப்படியாக ஏறி, கடைசியில் உச்சத்தில் நின்று குரல் முழுவதையும் கொட்டுவதுதான் இதன் வழக்கமான போக்கு. ஆடுவதற்கென்றே பிறந்த சொல், கடைசியில் நின்ற இடத்தில் நின்று பாடும் பாட்டுக்குப் பெயராகிவிட்டது.

இந்தப் போக்கை விளக்க ஹொசே ஹொசேயைவிட நல்ல சான்று கிடையாது என்பது என் எண்ணம். 1948 பிப்ரவரி 17 அன்று மெக்சிகோ நகரில் பிறந்தார்; இயற்பெயர் ஹொசே ரோமுலோ சோசா ஒர்த்தீஸ். அப்பா ஓபரா பாடகர், அம்மா பியானோ கலைஞர். அப்பா குடிக்கு அடிமையாகி வீட்டை விட்டுப் போனார். 1968இல் இறந்தும் போனார். அவர் பெயரும் ஹொசேதான். மகன் தன் பெயரோடு அப்பாவின் பெயரையும் சேர்த்து ஹொசே ஹொசே ஆனார். தன்னை விட்டுப்போன மனிதரைத் தன் மேடைப்பெயரில் வைத்துக்கொண்டார் அவர். அந்தக் குரலில் இருக்கும் ஏக்கத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெயரும் கூடவே நினைவுக்கு வரும்.

முதலில் ஒரு மூவர் குழுவில் பாஸ் கிதார் வாசித்தார், ஜாஸும் பிரேசிலின் பொஸா நோவா பாட்டுகளும் பாடினார். அப்புறம் 1970 மார்ச் 15 வந்தது. மெக்சிகோ நகரில் நடந்த லத்தீன் பாடல் விழாவில், ரொபெர்த்தோ கந்தொரால் எழுதிய ‘எல் த்ரிஸ்தே’ பாட்டைப் பாடினார். ‘துயரம் கொண்டவன்’ என்று பொருள் சொல்லலாம். கந்தொரால் பொலேரோ காலத்தின் பெரிய பாடலாசிரியர். அவர் பாட்டைப் புதிய தலைமுறைக் குரல் ஒன்று பலாடாவாகப் பாடியது. 22 வயதுப் பையன், நீண்ட அடிகளை ஒரே மூச்சில் இழுத்துப் பாடுகிறான். அரங்கம் எழுந்து நின்று கைதட்டுகிறது. நடுவர்கள் கொடுத்தது மூன்றாம் பரிசு. ஆனால் அந்த விழா என்றாலே இன்றைக்கும் பேசப்படுவது அந்த மூன்றாம் பரிசுப் பாட்டுதான்.

அந்தப் பாட்டில் கதை இருக்கிறதா? இல்லை. ஒருத்தி போய்விட்டாள், அவ்வளவுதான். யார், எங்கே, ஏன் என்று எதுவும் வராது. மீதியெல்லாம் அந்த இழப்பில் ஒரு மனம் படும் பாடு. 1983இல் வெளிவந்த ‘செக்ரெத்தோஸ்’ இசைத்தட்டிலும் இதே கதைதான். அதன் பாடல்களை ஸ்பெயினின் மனுவேல் அலெஹாந்த்ரோவும் ஆனா மக்தலேனாவும் சேர்ந்து எழுதினார்கள். அதில் ஒரு பாட்டு காதல் ஏன் தீர்ந்துபோகிறது என்று காரணம் காரணமாக அடுக்கிக்கொண்டே போகும். நிகழ்ச்சி ஒன்றுகூட வராது. ‘பருந்தா புறாவா’ என்று பொருள்படும் 1977ஆம் ஆண்டுப் பாட்டில் மட்டும் ஒரு இரவுச் சந்திப்பு கொஞ்சம் விரியும். அங்கேயும் பாட்டு நிற்பது நடந்ததன்மேல் அல்ல, பருந்தாகப் போனவன் புறாவாகிப் போன கூச்சத்தின்மேல்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இவர் பாடிய பெரும்பாலான பாட்டுகள் அடுத்தவர் எழுதியவை. பலாடா மரபில் பாடகரை ‘இந்தெர்ப்ரெத்தே’ என்பார்கள். பாட்டின் பொருளைத் தன் குரலால் விரித்துக் காட்டுபவர் என்று பொருள். அப்பாவைப் போலவே இவரும் குடியில் விழுந்தார். 1993இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சிகிச்சை பெற்று மீண்டார். ஆனால் 1990களிலேயே குரல் கரையத் தொடங்கியிருந்தது. 2001இல் வந்த கடைசி இசைத்தட்டின் பாடல்கள் ஹுவான் காப்ரியேல் எழுதியவை. பாடவே முடியாமல் போன பிறகும் மெக்சிகோ மக்கள் அவரை ‘பாட்டின் இளவரசர்’ என்றே அழைத்தார்கள். இறந்தபின் மெக்சிகோ நகரின் கலை அரங்கமான பெயாஸ் ஆர்தெஸ் அரண்மனையில் அவருக்கு அஞ்சலி செலுத்தினார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மெல்லிசை’ என்றால் பரப்பு மிகப் பெரிதாகிவிடும். துள்ளல் பாட்டும் அதில் அடங்கும். ‘சோகப் பாட்டு’ என்றால் குறுகிவிடும். பலாடாவில் மகிழ்ச்சியான காதலும் உண்டு. ‘காதல் பாட்டு’ பொருளைச் சொல்கிறது, பாடும் முறையைச் சொல்லவில்லை. எனக்குப் பொருத்தமாகப் படுவது ‘உருக்கப்பாடல்’. ‘உருக்கமாப் பாடினார்’ என்று நாம் அன்றாடம் சொல்வதுதானே. திருவாசகத்துக்கு உருகார் ஒரு வாசகத்துக்கும் உருகார் என்ற பழமொழியில் பாட்டைக் கேட்டு உருகுவதே அளவுகோலாக நிற்கிறது. பாடுபவர் உருகுவது, கேட்பவரை உருக்குவது என இரண்டுக்கும் இந்தச் சொல் இடம் கொடுக்கிறது. பலாடா ரொமாந்திக்காவைக் ‘காதல் உருக்கப்பாடல்’ என்றும், அதைப் பாடுபவரை ‘உருக்கப்பாடகர்’ என்றும் எழுதலாம். முதல் முறை எழுதும்போது ‘பலாடா என்னும் காதல் உருக்கப்பாடல்’ என்று இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் வாசகருக்குத் தடை இருக்காது. ராக் இசைக்குழுக்கள் நடுவில் பாடும் மெதுவான, உரத்த ‘பவர் பேலட்’டுக்கும் இதே சொல் பொருந்தும்.

பொலேரோவை மட்டும் பொலேரோ என்றே விடவேண்டும். அது ஒரு குறிப்பிட்ட தாள நடையின் பெயர், மொழிபெயர்த்தால் அடையாளம் போய்விடும். மெக்சிகோவிலேயே கதைப்பாடல் என்ற சொல்லுக்கு உரியது வேறொன்று, ‘கொரிதோ’. 1910இல் தொடங்கிய புரட்சிக் காலத்தில் புரட்சித் தலைவர்களான பாஞ்சோ வில்லாவையும் சப்பாத்தாவையும் பற்றி, ஆளின் பெயர், ஊர், நடந்த சண்டை என்று எல்லாம் சொல்லிப் பாடிய பாட்டுகள் அவை. கட்டபொம்மன் கதைப்பாடலுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசவேண்டியது அந்தக் கொரிதோவைத்தான்.