அகல டயர் கேட்கும் முன் ரிம்மின் பின்பக்கத்தைப் பாருங்கள்

டயர் மாற்ற வருகிறவர்களில் பாதிப் பேராவது கேட்பது இதுதான்: "அலாய் வீல் இதுவே இருக்கட்டும், டயரை மட்டும் கொஞ்சம் அகலமாகப் போட்டுக்கொடுங்கள்." ரிம் என்ன அளவு என்று கேட்டால் உடனே 15 இன்ச் என்பார்கள். அது விட்டம். அகலம் எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது. ஆனால், அந்த ரிம்மில் அகல டயர் ஏறலாமா கூடாதா என்பதை முதலில் முடிவு செய்வது அகலம்தான்.

வீலைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். ஆரக்கால் ஒன்றின் உள்புறத்திலோ, நடுப்பகுதியிலோ 15×5.5ஜே என்பது போல் வார்ப்பிலேயே பொறித்திருக்கும். 15 விட்டம், 5.5 அகலம், இரண்டும் அங்குலக் கணக்கு. ஜே என்பது டயரின் விளிம்பு அமரும் ஓரத்தின் வடிவம்.

ஒவ்வொரு டயர் அளவுக்கும் இன்ன அகலத்திலிருந்து இன்ன அகலம் வரையிலான ரிம்மில்தான் ஏற்றலாம் என்று தயாரிப்பாளர்களின் அட்டவணை வரையறுக்கிறது. 185/65 ஆர்15 டயருக்கு (185 என்பது மி.மீ. கணக்கில் டயரின் அகலம், கடைசி 15 ரிம்மின் விட்டம்) அது 5 முதல் 6.5 அங்குலம். 195/65 ஆர்15க்கு 5.5 முதல் 7 வரை. 205/60 ஆர்15க்கும் 5.5லிருந்துதான் தொடங்குகிறது. 215/60 ஆர்15 என்றால் 6 அங்குலத்துக்குக் குறைந்த ரிம் ஆகாது. ஆக, 5.5 அங்குல ரிம்மில் 195 தாராளமாக ஏறும். 205ஐயும் அட்டவணை தடுக்கவில்லை. ஆனால், அதை நான் பரிந்துரைப்பதில்லை.

காரணம் இருக்கிறது. குறுகிய ரிம்மில் அகல டயரை ஏற்றினால் அதன் இரண்டு விளிம்புகளும் நெருங்கி, பக்கச்சுவர்கள் உப்பி வெளியே தள்ளும். தரையைத் தொடும் பட்டையின் நடுப்பகுதி மேடாகி, அங்கேதான் முதலில் தேயும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் பக்கச்சுவர் வளைந்துகொடுத்து, ஒரு கணம் தாமதித்தே வண்டி திரும்பும். போதாக்குறைக்கு, எதிர்பார்த்த அகலம்கூட முழுதாகக் கிடைக்காது. அந்த டயரின் அகலம் எந்த ரிம்மில் வைத்து அளக்கப்பட்டதோ, அதைவிட அரை அங்குலம் குறுகிய ரிம்மில் ஏறினால் ஏறத்தாழ 5 மி.மீ. சுருங்கிவிடும். 205க்குக் காசு கொடுத்துவிட்டு 200ஐ ஓட்டுவார்கள்.

"இதே காரின் உயர்ந்த வகையில் கம்பெனியே 195 போடுகிறதே" என்பது அடுத்து வரும் வாதம். நியாயமான வாதம்தான். அந்த வகையின் ரிம்மில் 5.5 இருக்கிறதா, 6 இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.

அடுத்தது உயரம். டயரில் 185க்குப் பின் வரும் 65 மில்லிமீட்டர் அல்ல, சதவீதம். பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்று அது சொல்கிறது. 185/65 ஆர்15 டயரின் மொத்த விட்டம் 621.5 மி.மீ. அகலத்தை மட்டும் கூட்டி 65ஐ அப்படியே விட்டால், 195/65க்கு 634.5 ஆகிறது, அதாவது 2 சதவீதம் அதிகம். 205/65 என்றால் 647.5, 4 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. பழைய டயரில் ஸ்பீடோமீட்டர் சரியாகக் காட்டியது என்று வைத்துக்கொண்டால், இந்த டயரில் முள் 100இல் நிற்கும்போது வண்டி 104இல் போகும். ஓடோமீட்டரும் ஓடிய தூரத்தைக் குறைத்தே எண்ணும். அதனால் அகலம் ஏறும்போது சதவீதம் இறங்க வேண்டும். 195/60 ஆர்15 டயரின் விட்டம் 615 மி.மீ. வித்தியாசம் 1 சதவீதம்தான். 3 சதவீதத்தைத் தாண்டும் எந்த அளவையும் நான் போட்டுத் தருவதில்லை.

டயர் அளவின் கடைசியில் 88எச் என்பது போல் இருப்பதை யாரும் படிப்பதில்லை. 88 என்பது அந்த ஒரு டயர் தாங்கும் 560 கிலோவைக் குறிக்கும். எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வேக வரம்பை. 84 என்றால் 500 கிலோதான். அகலமாக இருப்பதாலேயே ஒரு டயர் அதிகம் சுமந்துவிடாது. கம்பெனி கொடுத்த எண்ணைவிடக் குறைந்த எண் உள்ள டயர், எவ்வளவு அகலமானாலும் வேண்டாம்.

இடம் போதுமா என்பதை மட்டும் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. அதே ரிம்மில் 185ஐ எடுத்துவிட்டு 205 போட்டால் உள்ளே 10 மி.மீ. வரை, வெளியே 10 மி.மீ. வரை கூடும். வெளியே கூடுவது எல்லோருக்கும் தெரியும், அழகாகவும் இருக்கும். உள்பக்கம் சஸ்பென்ஷனை நெருங்குவது யார் கண்ணிலும் படாது. ஆள் இல்லாத வண்டியில், நேராக நிற்கும் சக்கரத்தில் உரசல் தெரியவே தெரியாது. பின் சீட்டில் மூவர் அமர்ந்து, வேகத்தடையில் இறங்கும்போதுதான் சத்தம் கேட்கும். உரசுகிறதே என்று ஸ்பேசர் என்ற இடைத்தட்டை வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளினால் வீல் பேரிங்குக்குச் சுமை கூடும். நீளம் பொருந்தாத போல்ட்டாக இருந்தால் மரையில் பிடிமானமும் குறையும். அந்த வேலைக்கு நான் கை வைப்பதில்லை.

இவ்வளவும் எதற்கு? பிடிமானத்துக்கு என்பார்கள். காற்றழுத்தமும் எடையும் மாறாதபோது, தரையைத் தொடும் பரப்பு அகல டயரில் பெரிதாகக் கூடிவிடாது. நீளவாக்கில் குறுகி அகலவாக்கில் விரியும், அவ்வளவுதான். காய்ந்த சாலை வளைவுகளில் அதற்குப் பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தேங்கிய நீரில் அகல டயர் விரைவாக மிதக்கத் தொடங்கும். ஸ்டீயரிங் கனக்கும், எரிபொருளும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். ஈரச் சாலையில் பிரேக் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்பதுதான் உங்கள் கவலை என்றால், அதே அளவில் நல்ல ரப்பர் கலவையும் ஆழமான பள்ளங்களும் கொண்ட டயரை வாங்குங்கள்.

இல்லை, அகலம்தான் வேண்டும் என்றால் நான்கையும் ஒரே அளவில் மாற்றுங்கள். ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருக்குமானால், அதை அடுத்த பஞ்சர் கடை வரைக்குமான உதவியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் வண்டியில் வெவ்வேறு விட்டமுள்ள டயர்களைக் கலந்து ஓட்டினால் கியர் அமைப்புக்கே ஆபத்து. காற்றைக் கதவுத் தூணில் உள்ள அட்டையின்படி பிடியுங்கள். பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு, உங்கள் வண்டிக்கான அளவு அல்ல.

கடையில் ஒன்றைக் கேளுங்கள். முதலில் ஒரே ஒரு டயரை மட்டும் முன்சக்கரத்தில் ஏற்றச் சொல்லி, ஆட்களை அமர்த்தி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பிறகு உள்பக்கச் சுவரில் விரலை ஓட்டிப் பாருங்கள். புதிய ரப்பரில் பளபளப்பான கோடு விழுந்திருந்தால் மற்ற டயர்களை ஏற்ற வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிடலாம்.