சல்சா: சொல்லும் பொருளும்

சல்சா என்பது கியூபாவின் 'சோன்' இசையை அடித்தளமாகக் கொண்டு, நியூயார்க் நகரில் குடியேறிய போர்ட்டோ ரிக்கோ, கியூபா மக்களிடையே 1960களிலும் 1970களிலும் உருப்பெற்ற இசையையும், அவ்விசைக்கு இணையர் ஆடும் ஆடலையும் குறிக்கும் ஸ்பானியச் சொல்.

அம்மொழியில் இதன் நேர்ப்பொருள் உணவில் சேர்க்கும் சுவைச்சாறு. 'உப்பிட்டது' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே இதன் மூலம்; நாம் அன்றாடம் வழங்கும் 'சாஸ்' என்பதும் அதே மூலத்திலிருந்து பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்ததுதான். கியூப இசைக்கலைஞர் இக்னாசியோ பிஞ்ஞெய்ரோ 1930களின் தொடக்கத்தில் இயற்றிய 'எச்சாலே சல்சித்தா' (கொஞ்சம் சாறு சேர்) என்ற பாடலை, இச்சொல் இசையோடு சேர்ந்ததற்கு முற்காலச் சான்றாகக் காட்டுவர். எனினும் அங்கே அது இசைவகை ஒன்றின் பெயரன்று. இசைப்பவர்களுக்கு உற்சாகமூட்டும் கூவலாகவே அது நெடுங்காலம் வழங்கியது. 1960களில் வெனிசுவேலாவின் கராகஸ் நகர வானொலியில் பிதியாஸ் தனிலோ எஸ்கலோனா தம் நிகழ்ச்சியின் பெயரில் இச்சொல்லைச் சேர்த்த பிறகு, அது இசையையே சுட்டத் தொடங்கியது.

அதை உலகறியச் செய்தது நியூயார்க். டொமினிக்கன் குடியரசில் பிறந்த இசைக்கலைஞர் ஜானி பச்சேக்கோவும் வழக்கறிஞர் ஜெர்ரி மசூச்சியும் 1964இல் தொடங்கிய ஃபானியா இசைத்தட்டு நிறுவனம், சோன், மாம்போ, குவராச்சா, சா-சா-சா முதலிய பல வகைகளையும் இந்த ஒரே பெயரின்கீழ் விற்றது. அதன் கலைஞர்கள் 1971 ஆகஸ்டில் சீட்டா அரங்கிலும், 1973இல் யாங்கி விளையாட்டரங்கிலும் நிகழ்த்திய கச்சேரிகள் இப்பெயரை நிலைநாட்டின. சல்சா என்பது தாம் உண்ணும் சாறு என்றும், தாம் வாசிப்பது கியூப இசை என்றும் நியூயார்க் இசைக்கலைஞர் டிட்டோ புவெந்தே கூறிவந்தார். அவருடைய மறுப்பில் நியாயம் உண்டு. 1962இல் அமெரிக்கா விதித்த வணிகத் தடையால் கியூபாவுடனான இசைத் தொடர்பு பெரிதும் அறுந்திருந்த காலத்தில், இப்புதுப்பெயர் அந்த இசையின் பிறப்பிடத்தை மறைக்கவும் உதவியது. ஆனால் போர்ட்டோ ரிக்கோவின் போம்பா, பிளேனா ஆகிய இசைவகைகளின் சாயலும், ஜாஸின் இசையமைப்பு முறையும், வில்லி கொலோன், ரூபன் பிளேட்ஸ் போன்றோர் பாடிய நகரச் சேரிகளின் வாழ்க்கையும் கலந்த பிறகு, அதை வெறும் கியூப இசை என்று சொல்லி நிறுத்துவதும் பொருந்தாது.

சோன், கியூபாவின் கிழக்குப் பகுதியில் ஸ்பானியக் கித்தார்ப் பாடல் மரபும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் தாள மரபும் இணைந்து பிறந்தது. பார்வையற்ற கலைஞரான அர்செனியோ ரொத்ரீகெஸ் 1940களில் அதனுடன் பியானோ, கொங்கா முழவு, ஒன்றுக்கு மேற்பட்ட டிரம்பெட்டுகள் ஆகியவற்றைச் சேர்த்தார். பின்னாளில் சல்சாக் குழு கொண்ட வடிவம் ஏறத்தாழ இதுவே. இவை அனைத்தையும் தாங்குவது 'கிளாவே'. இரு மரக்கட்டைகளைத் தட்டி எழுப்பும் இதன் ஐந்து அடிகள், ஒரு பாதியில் மூன்றும் மறுபாதியில் இரண்டுமாக அமையும். பாடலும் பிற கருவிகளும் இந்த ஒழுங்குக்கு இசைந்தே நடக்க வேண்டும். பிசகினால் தேர்ந்த காது உடனே கண்டுகொள்ளும்.

ஆடலிலோ எட்டு எண்ணிக்கைக்கு ஆறு காலடிகள் வைக்கப்படுகின்றன. முதல் அடியில் திசை மாறுவதா, இரண்டாம் அடியில் மாறுவதா என்பதில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. நியூயார்க்கில் ஆடலாசிரியர் எடி டோரஸ் பரப்பிய முறை இரண்டாம் அடியைச் சார்ந்தது. கொலம்பியாவின் காலி நகரத்தார் விரைந்த காலசைவுக்குப் பெயர்பெற்றவர்கள். கியூபாவிலோ இந்த ஆடலை இன்றும் 'கசீனோ' என்றே பலர் அழைக்கின்றனர்.

தமிழில் இதனைச் 'சாறு' என்றோ 'சுவையிசை' என்றோ பெயர்த்தால் எந்த இசை என்பதே விளங்காமற் போகும். இது ஒரு கலையின் சிறப்புப்பெயர். ஆகவே சல்சா என்றே வழங்கி, சல்சா இசை, சல்சா ஆடல் எனப் பிரித்துக் காட்டுவதே முறை. 'பல்சுவை' என்னும் சொல்லிற்போல ல்-ஐ அடுத்த சகரம் தானே மென்மையாக ஒலிப்பதால் கிரந்த எழுத்தும் வேண்டியதில்லை. உறுப்புகளின் பெயர்களையோ பெயர்க்கலாம். கிளாவே என்னும் கருவிக்குத் 'தாளக்கட்டை' என்றும், அது தரும் ஒழுங்குக்குத் 'தாளக்கட்டு' என்றும் சொல்லலாம். முதற்பாடகருக்கு மறுமொழியாகக் குழுவினர் பாடும் 'கோரோ'வுக்குப் 'பின்பாட்டு' என்ற நம் வழக்குச்சொல் அப்படியே பொருந்தும்.