ஈடு வேறு, பிணை வேறு

சிறுதொழில் கடன் பற்றி எந்தச் செய்தியைப் படித்தாலும் ‘பிணையில்லாக் கடன்’ என்ற தொடர் வந்துவிடுகிறது. முத்ரா கடனுக்கும் அதே பெயர், மகளிர் குழுக் கடனுக்கும் அதே பெயர். வங்கித் துண்டறிக்கை, செய்திக்குறிப்பு, நாளிதழ் என்று எல்லா இடத்திலும் ‘கொலாட்டரல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் ‘பிணை’ அல்லது ‘பிணையம்’ என்று எழுதுகிறார்கள். இது தவறான பெயர்ப்பு. கையெழுத்துப் போடுகிறவர் எதற்குப் பொறுப்பேற்கிறார் என்பதையே இது மறைத்துவிடுகிறது.

கொலாட்டரல் லத்தீன் வழி வந்த சொல். ‘லாட்டுஸ்’ என்றால் பக்கம். ‘உடன்’ என்ற முன்னொட்டு சேர்ந்து, பக்கத்திலேயே நிற்பது என்று பொருள். கடனுக்குப் பக்கத்தில் நிற்கும் சொத்து அது. வீடு, மனை, நகை, வைப்புத்தொகை ரசீது என எதுவாகவும் இருக்கலாம். கடன் திரும்பாவிட்டால் விற்று எடுத்துக்கொள்ளக்கூடிய பொருள், அவ்வளவுதான்.

இதற்குத் தமிழில் ‘ஈடு’ இருக்கிறது. கெடு என்பது கேடு ஆவதும் சுடு என்பது சூடு ஆவதும் போல, இடு என்ற வினை நீண்டு ஈடு ஆயிற்று. கடனுக்கு எதிரே இடப்படுவது ஈடு. வாங்கிய தொகைக்குச் சமமாக நிற்பது என்ற பொருளும் அதற்குள்ளேயே இருக்கிறது. இது அகராதியிலிருந்து தூசி தட்டி எடுத்த சொல்லும் இல்லை. கூட்டுறவு வங்கிகள் ‘நகை ஈட்டுக் கடன்’ என்கின்றன. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக் கிடங்கில் நெல்லையோ பருத்தியையோ இருப்பு வைத்து விவசாயி வாங்குவது ‘பொருளீட்டுக் கடன்’. இலங்கையில் வீட்டை ஈடு வைப்பது அன்றாடப் பேச்சு. அங்கே ‘அரச ஈட்டு முதலீட்டு வங்கி’ என்று ஒரு வங்கியே உண்டு. அடகு, அடமானம், ஒத்தி எல்லாம் ஈட்டின் வகைகள். அடகில் நகை கையை விட்டுப் போகிறது. அடமானத்தில் வீட்டுப் பத்திரம் போகிறது, குடியிருப்பவர் அங்கேயே இருக்கிறார். ஒத்தியில் வீடே கடன் கொடுத்தவர் கைக்குப் போய், வட்டிக்குப் பதில் அவர் அதை அனுபவிக்கிறார். இத்தனை நுணுக்கமாகப் பிரித்துப் பேசத் தெரிந்த மொழிக்கு ஒரே ‘பிணையம்’ எதற்கு?

பிணை என்பது ஆள். பிணைத்தல் என்றால் கட்டுதல். பிணை நிற்பவர் இன்னொருவர் கடனோடு தன்னைக் கட்டிக்கொள்கிறார். சீட்டு எடுத்தவருக்காகப் பக்கத்து வீட்டுக்காரர் போடும் ஜாமீன் கையெழுத்து இதுதான். இங்கே எந்தச் சொத்தும் கைமாறுவதில்லை. ஆனால் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, பிணையாளியின் பொறுப்பு கடனாளியின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவு. கடனாளியிடம் கேட்டு ஓய்ந்த பிறகுதான் பிணையாளியிடம் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கடன் தவறினால் பிணையாளியின் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் பதிவிலும் கறை விழும்.

இப்போது கூட்டுப் பொறுப்புக் குழுவை எடுத்துக்கொள்வோம். ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு வகுத்த முறையில் 4 முதல் 10 பேர் ஒரு குழு. தையல், இட்லிக் கடை, கறவை மாடு என்று ஆளுக்கொரு தொழில். யாரும் பத்திரமோ நகையோ கொடுப்பதில்லை. ஆனால் எல்லோரும் எல்லோருக்காகவும் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒருவர் தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். இங்கே ஈடு இல்லை. இருப்பது முழுக்க முழுக்கப் பிணை. பொலிவியாவில் 1992-இல் வங்கியாக மாறிய பாங்கோசோல் லா பாஸ் நகரத்துச் சந்தை வியாபாரிகளுக்குக் கொடுத்த குழுக் கடனும் இப்படித்தான் நடந்தது. ஈடு வைக்க ஒன்றுமில்லாதவருக்குப் பிணையின் பேரில் கடன் கொடுக்கலாம் என்று காட்டியதுதான் இந்த முறையின் சாதனை. அதற்குப் போய்ப் ‘பிணையில்லாக் கடன்’ என்று பெயர் வைத்தால் பொருள் தலைகீழாகிவிடுகிறது. விளைவும் கண்கூடு. பிணையில்லை என்று படித்தவர் தன் கடனுக்குத் தான் மட்டுமே பொறுப்பு என்று நம்பிக் கையெழுத்துப் போடுகிறார். வாரக் கூட்டத்தில் ஒருத்தி வராத நாளில், ‘அவள் பணத்தை நீங்கள் போட்டுக் கட்டினால்தான் எழுந்து போகலாம்’ என்று வசூலுக்கு வந்தவர் சொல்லும்போதுதான் விஷயம் புரிகிறது.

சிஜிடிஎம்எஸ்இ திட்டத்தில் குழப்பம் இன்னும் ஆழம். ஒன்றிய அரசும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் 2000-இல் அமைத்த அறக்கட்டளை இது. குறு, சிறு தொழிலுக்கு வங்கி ஈடோ வெளியாள் பிணையோ வாங்காமல் கடன் கொடுத்தால், இந்த அறக்கட்டளை அந்தக் கடனுக்காக வங்கியிடம் பிணை நிற்கும். திட்டமே பிணைத் திட்டம். அதைப் பிணையில்லாத் திட்டம் என்றால் கேட்பவருக்கு என்ன புரியும்? ‘அரசு உத்தரவாதக் கடன்’ என்று எழுதுவது இன்னும் மோசம். கட்டாவிட்டால் அரசு கட்டிக்கொள்ளும் என்று ஆட்கள் நினைக்கிறார்கள். அறக்கட்டளை ஈடுசெய்வது வங்கியின் இழப்பில் ஒரு பகுதியை மட்டுமே. கடனாளியின் கடன் ஒரு ரூபாய்கூடக் குறையாது. வங்கி அவரிடம் வசூலைத் தொடர்ந்தே ஆக வேண்டும். இதற்கான ஆண்டுக் கட்டணமும் பெரும்பாலும் கடனாளியின் தலையில்தான் விழுகிறது.

இதே இடத்தில் இன்னொரு நுணுக்கமும் தொலைகிறது. வங்கிகள் ஈட்டை இரண்டாகப் பிரிக்கும். கடன் பணத்தில் வாங்கிய லேத் எந்திரமோ சரக்கோ முதல் ஈடு. அதற்கு மேல் கேட்கும் வீடு, மனைதான் கொலாட்டரல். இதைத் துணை ஈடு என்று சொல்லலாம். இந்தத் திட்டத்தில் வங்கி கேட்காமல் விடுவது துணை ஈட்டை மட்டும். எந்திரம் கடனாளியுடையதுதான் என்றாலும் வங்கிக்கு ஈடாகவே இருக்கும். வண்டி என்றால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் ஏறும். ‘எதையும் எழுதிக் கொடுக்கவில்லையே’ என்று எந்திரத்தை விற்றுவிட்டுச் சிக்கலில் மாட்டியவர்களுக்குத் துண்டறிக்கையும் ஒரு காரணம்.

பிணை ஆளுக்கு, பிணையம் பொருளுக்கு என்று வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். காகிதத்தில் அழகாக இருக்கும், காதில் நிற்காது. ‘பிணைக் கடன்’, ‘பிணையக் கடன்’ இரண்டையும் வங்கி மேலாளர் வேகமாகச் சொன்னால் யார் பிரித்துக் கேட்பது? போதாக்குறைக்கு இலங்கையில் பங்கு, கடன்பத்திரம் போன்றவற்றுக்குப் ‘பிணையங்கள்’ என்பது ஏற்கெனவே நிலைத்த பெயர்.

ஈடு மீதும் ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ‘ஈடில்லாக் கடன்’ என்றால் ஈடு இணையற்ற கடன் என்று காதில் விழும். அதற்காகச் சொல்லையே கைவிட வேண்டியதில்லை. ‘ஈடு கேட்காத கடன்’ என்றால் தீர்ந்தது. ஜாமீன் அரபியிலிருந்து வந்தது என்று ஒதுக்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. பிணை என்று எழுதி, பக்கத்தில் ஒரு முறை ஜாமீன் என்று போட்டால் எல்லோருக்கும் விளங்கும். உத்தரவாதத்தைத்தான் விட்டுவிட வேண்டும். மின்விசிறிக்கும் உத்தரவாதம், தேர்தல் வாக்குறுதிக்கும் உத்தரவாதம், கடனுக்கும் உத்தரவாதம் என்றானபின் அதில் சட்டப் பொருள் எதுவும் மிஞ்சவில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஒரு தமிழ்ச் சொல்லைப் பட்டியலில் பார்த்து ஒட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். கடன் படிவத்தில் கையெழுத்து எங்கே விழுகிறது என்று பார்ப்பதில்லை. ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு நுண்கடன் விதிகள், கடனின் விவரங்களைக் குறித்துத் தரும் அட்டை கடனாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்கின்றன. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாத குடும்பங்களுக்கான கடன் இது. குழுக் கடனுக்கான அட்டையில் மூன்று வரி போதும்: ‘இந்தக் கடனுக்கு ஈடு வாங்கவில்லை. குழுவில் உள்ள ஒவ்வொருவரும் மற்றவர் கடனுக்குப் பிணை (ஜாமீன்). ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்களிடம் கேட்கப்படும்.’ மூன்றாவது வரியை மற்ற இரண்டின் அதே எழுத்தளவில் அச்சிட வேண்டும்.