அரத்திப்பழமா, ஆப்பிளா?

குழந்தைகளுக்கான பழப் படங்களின் கீழே 'அரத்திப்பழம்' என்ற பெயரை இப்போதெல்லாம் அடிக்கடி பார்க்கிறேன். ஆப்பிளுக்கு அதுதான் தூய தமிழ்ப் பெயராம். நல்லெண்ணத்தோடு ஆக்கிய சொல்தான், ஆனால் பழக்கூடையைப் பார்க்காமல் ஆக்கியது.

ஆப்பிள் என்பது ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். பழைய ஆங்கிலத்தில் அது 'பழம்' என்ற பொதுப்பொருளிலும் வழங்கியது. மரத்தின் பூர்வீகம் நடு ஆசியாவின் தியான்சான் மலைச்சரிவுகள். கசகஸ்தானின் அல்மாட்டி நகரப் பெயரிலேயே ஆப்பிளைக் குறிக்கும் 'அல்மா' இருக்கிறது. நம்மிடம் தமிழ்நாட்டில் ஆப்பிள், ஈழத்தில் அப்பிள். சொல்வரலாறு இவ்வளவுதான்.

இனி அரத்தி. அரத்தம் என்றால் சிவப்பு, குருதி. ஆக, அரத்தி என்றால் சிவந்தது. அந்த அரத்தமே வடமொழி 'ரக்த'த்தின் திரிபு என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. தூய்மைக்காகத் தேடிப்போன சொல்லின் தூய்மையே வழக்கில் கிடக்கிறது. அதைக்கூட விட்டுவிடலாம். ஆப்பிள் சிவப்புதான் என்று யார் சொன்னது?

ஆஸ்திரேலியாவில் மரியா ஆன் ஸ்மித் என்ற மூதாட்டியின் நிலத்தில் 1868 வாக்கில் தானாக முளைத்த கிரானி ஸ்மித் ரக ஆப்பிள், பறித்து விற்கும்போதும் பச்சைதான். கோல்டன் டெலிஷியஸ் மஞ்சள். எனக்கு மிகவும் பிடித்த எக்ரிமான்ட் ரசெட்டின் தோலோ பழுப்பு. தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். கடித்தால் கொட்டைப்பருப்பு வாசனையோடு ஓர் இனிப்பு. பச்சை அரத்தி, பழுப்பு அரத்தி என்று எழுதினால் 'பச்சைச் சிவப்பு', 'பழுப்புச் சிவப்பு' என்றாகிவிடாதா?

இதைவிடப் பெரிய குறை, அந்தச் சொல் வாங்குபவருக்குத் தவறான பாடம் சொல்வது. தோட்டத்து வாசலில் பெட்டி பெட்டியாக வைத்து விற்கும் இடத்தில் சிவப்பை மட்டும் பார்த்துப் பொறுக்குகிறவர் ஏமாறுவார். மேற்சிவப்பு பெரும்பாலும் வெயிலும் குளிர்ந்த இரவும் தருவது. பழுத்ததா என்பதை அடிநிறம் சொல்லும். காம்புக்குழியைச் சுற்றிப் பாருங்கள், அங்கே பச்சை மங்கி மஞ்சள் ஏறியிருந்தால் பல ரகங்களுக்கு அதுவே பக்குவம். ரெட் டெலிஷியஸுக்கு நேர்ந்ததையும் நினைக்க வேண்டும். ஏதோ ஒரு கிளையில் கூடுதலாகச் சிவந்த பழம் கண்டால் அந்தக் கிளையை ஒட்டுக்கட்டிப் பெருக்கினார்கள். தலைமுறை தலைமுறையாக இப்படியே செய்ததில் நிறம் ஏறியது, சுவை இறங்கியது.

'குமளி' என்றும் ஒரு பெயர் உலவுகிறது. அதைக் கேட்டதும் எந்தப் பழம் என்று எத்தனை பேருக்குப் புரியும்? அன்னாசியும் பப்பாளியும் கடல் கடந்து பெயரோடு வந்தவைதாம். அவற்றை யாரும் அயற்சொல் என்று விரட்டவில்லை. ஆப்பிளுக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை?

மாற்ற வேண்டிய சொல் வேறு இருக்கிறது. 'ஃபூஜி இனம்', 'காலா இனம்' என்று மொழிபெயர்ப்பாளர்கள் கூசாமல் எழுதுகிறார்கள். கடையில் விற்கும் இவையெல்லாம் ஒரே இனத்தின் வெவ்வேறு ரகங்கள். விதை போட்டால் தாய்மரத்தின் பழம் கிடைக்காது, ஒட்டுக்கட்டித்தான் ரகத்தைக் காப்பாற்ற முடியும். நெல்லுக்கும் மாம்பழத்துக்கும் உழவர்கள் நாள்தோறும் சொல்லும் 'ரகம்' கையருகே இருக்க, 'இனம்' எதற்கு? அயல்வழிச் சொல் என்று ரகத்தை ஒதுக்குவோர் 'வகை' என்றாவது எழுதட்டும். ரகப்பெயர்களை மொழிபெயர்க்காமல் அப்படியே விட வேண்டும். நிறம் சொல்ல வேண்டிய இடத்தில் பச்சை ஆப்பிள், மஞ்சள் ஆப்பிள், சிவப்பு ஆப்பிள் என்றே எழுதலாம்.