நனையாத மரம்: வீட்டில் கட்டும் பிளைவுட் மோட்டார் படகின் அறிவியல்

பிளைவுட்டில் சின்ன மோட்டார் படகு கட்டுகிறவர்கள் முதலில் பலகைகளைத் தைக்கிறார்கள். அறுத்து வைத்த அடிப்பலகை, பக்கப்பலகைகளின் ஓரங்களில் வரிசையாகத் துளை போட்டு, செப்புக் கம்பித் துண்டுகளைக் கோத்து முறுக்க முறுக்க, தட்டையாகக் கிடந்த பலகைகள் ஒன்றையொன்று இழுத்து வளைந்து படகு வடிவத்துக்கு வந்துவிடும். அப்புறம் உள்மூலைகளில் எபாக்சி என்ற கெட்டிப்பசைக் கலவையைப் பூசுகிறார்கள். அது இறுகியதும் கம்பிகளை வெட்டி உருவிவிடுகிறார்கள். ஆணியும் கிடையாது, தைத்த கம்பியும் கிடையாது. இந்தப் படகுதான் பின்பலகையில் தொங்கும் அவுட்போர்டு மோட்டாரை மாட்டிக்கொண்டு அலையில் அடிவாங்கியபடி பல வருஷம் ஓடுகிறது.

தைத்து ஒட்டும் இந்த முறையை உலகெங்கும் கொண்டுபோனது 1962-ல் இங்கிலாந்தில் வந்த மிரர் என்ற சிறு பாய்மரப் படகு. ஜாக் ஹோல்ட், பேரி பக்னெல் இருவரும் சேர்ந்து வடிவமைத்தது. தச்சு தெரியாதவரும் வீட்டில் கட்டலாம் என்பதுதான் நோக்கம். எழுபதாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டன. அதில் பயன்பட்டது எபாக்சி அல்ல, பாலியஸ்டர் ரெசின் என்ற வேறொரு பிசின். எபாக்சியைப் படகுக்கு முறையாகக் கொண்டுவந்ததில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பே சிட்டியைச் சேர்ந்த கூஜன் சகோதரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அலாஸ்காவின் ஹோமர் ஊரில் ரென் டோல்மன் வடிவமைத்த ஸ்கிஃப் என்ற மோட்டார் படகை, அந்தக் குளிர்கடலுக்காகவே பலர் தங்கள் கொட்டகைகளில் கட்டியிருக்கிறார்கள்.

நம் கரைக்கும் இதில் பங்கு உண்டு. சோழமண்டலக் கரையின் மசூலா படகுகள் கயிற்றால் தைத்தவை. அவற்றில் தையல் கடைசிவரை இருக்கும். 1980-களின் தொடக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்திலும் கேரளத்தின் அஞ்சுதெங்கிலும் பிளைவுட் வள்ளங்கள் கட்டத் தொடங்கினார்கள். கட்டுமரத்துக்கு ஏற்ற பெரிய மரம் கிடைப்பது அரிதாகிவந்த காலம் அது. அவுட்போர்டு மோட்டாரும் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது.

சரி, கம்பியை உருவிய பிறகு பலகைகளைப் பிடித்து வைப்பது எது? 6 மி.மீ. பலகைகள் இரண்டு கோணத்தில் சந்திக்கும்போது தொடும் பரப்பு மிகக் குறுகலானது. அலையின் அடி முழுவதும் அந்த ஒரே கோட்டில் குவியும். அதனால் எபாக்சியில் மரத்தூளும் நுண்ணிய சிலிக்காத் தூளும் கலந்து, பட்டி பதத்தில் உள்மூலையில் குழிவாக வழித்துவிடுகிறார்கள். கூர்மூலை வளைவாக மாறும்போது விசை அகலமாகப் பரவுகிறது. அதன் மேல் உள்ளும் புறமும் ஃபைபர் கிளாஸ் நாடா. மூலை விரிய முயன்றால் உள்நாடாவும், மடங்க முயன்றால் வெளிநாடாவும் இழுவையைத் தாங்கும். ஒழுங்காகச் செய்த இணைப்பை உடைத்துப் பார்த்தால் பசை விடாது, பக்கத்து மரம்தான் பிய்ந்துவரும்.

எபாக்சி நமக்குப் புதிதல்ல. வீட்டில் அரால்டைட் என்று இரண்டு டியூப்களில் வாங்குவதும் அதே குடும்பம்தான்; ஒன்றில் ரெசின், மற்றதில் அதை இறுக வைக்கும் ஹார்டனர். ரெசின் மூலக்கூறின் முனைகளில் இரண்டு கார்பனும் ஒரு ஆக்சிஜனும் சேர்ந்த முக்கோண வளையம் இருக்கும். அந்த அணுக்கள் இயல்பாக விரும்பும் கோணம் அதைவிட அகலமானது; ஆகவே வளையம் எப்போதும் இறுக்கத்தோடு, திறந்துகொள்ளத் தயாராக இருக்கிறது. ஹார்டனரில் உள்ள அமீன் என்ற சேர்மத்தின் நைட்ரஜன் வந்து தொட்டதும் வளையம் திறந்து, அந்த இடத்தில் நிலையான பிணைப்பு உருவாகும். இப்படி எல்லாப் பக்கமும் பிணைந்து முப்பரிமாண வலையாக இறுகுகிறது. ஆவியாகப் போவது எதுவும் இல்லை என்பதால் சுருக்கமும் குறைவு. வளையம் திறக்கும்போது உண்டாகும் ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடிகள்) மரத்தின் செல்லுலோஸிலும் நிறைய உண்டு. இரண்டும் ஒன்றையொன்று ஈர்ப்பதால்தான் எபாக்சி மரத்தை அவ்வளவு இறுகப் பற்றுகிறது.

அமீனின் நைட்ரஜனோடு ஒட்டியிருக்கும் ஒரு ஹைட்ரஜனுக்கு ஒரு வளையம், கணக்கு அவ்வளவுதான். பந்தியில் இலைக்கு ஒருவர் உட்காருவதுபோல. ஆள் கூடினால் இலையில்லாமல் நிற்பார்கள், ஆள் குறைந்தால் இலை சும்மா கிடக்கும். பாலியஸ்டரில் பழகிய கை, சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டி ஊற்றும். பாலியஸ்டருக்கு அது ஊக்கி மட்டுமே, கூடக் குறைய இருந்தாலும் ஓரளவு ஒப்பேறும். எபாக்சியில் ஹார்டனரும் இறுகும் பொருளின் ஒரு பகுதி. அளவு தப்பினால் வாரக்கணக்கில் காத்தாலும் பிசுபிசுப்பு போகாது. ஐந்துக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்று டப்பாவில் போட்டிருப்பதை அப்படியே பின்பற்ற வேண்டும்.

வேகத்தை மாற்ற வெப்பநிலையைக் கவனியுங்கள். சுமார் 10 டிகிரி கூடினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வினையே வெப்பத்தை வெளிவிடுவதால், ஆழமான டப்பாவில் கலந்து வைத்த எபாக்சி தன் சூட்டிலேயே வேகமெடுத்துப் புகைந்துவிடும். அதையே அகலத் தட்டில் ஊற்றினால் சூடு வெளியேறி, வேலைக்கு நேரம் கிடைக்கும்.

இவ்வளவு சொன்னாலும், எபாக்சியின் பெரிய உதவி ஒட்டுவதல்ல என்பதே என் எண்ணம். மரத்தை அது உலர்வாக வைத்திருப்பதுதான் பெரிது. எடைக்கு எடை பார்த்தால் விறைப்பில் மரம் அருமையான பொருள். ஆயிரக்கணக்கான முறை வளைத்தாலும் எளிதில் களைப்படையாது. அதன் பலவீனம் ஈரம். ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்தை எட்டும்வரை மரத்தின் செல்சுவர்கள் நீரைக் குடித்து வீங்கும், விறைப்பை இழக்கும். 20 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தால் மரத்தை உளுக்கும் பூஞ்சை வளராது. ஆகவே எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று பூச்சு போடுகிறார்கள். எபாக்சியும் நீராவியை அடியோடு தடுப்பதில்லை. ஆனால் அது நுழையும் வேகம் மிகக் குறைந்துவிடுவதால் மரத்தின் ஈரம் ஏறி இறங்காமல் நிற்கும். வெளியே மட்டும் பூசி உள்ளே விட்டுவிட்டால், ஈரம் உள்ளே போகும், சீக்கிரம் வெளியே வராது. அந்தப் படகு பூசாத படகைவிட முன்னதாக உளுத்துப்போகலாம்.

பூச்சுக்கு நேரம் மாலை. காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து பூச்சில் குமிழி கிளப்பும். மாலையில் காற்று சுருங்கும்போது எபாக்சியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். இறுகிய பரப்பில் சில சமயம் மெழுகுபோலப் படலம் தெரியும். அமீன் காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் ஈரத்தோடும் சேர்ந்து உண்டாக்கியது அது. அதை உப்புத்தாளால் தேய்த்தால் உள்ளேதான் அழுந்தும். வெறும் தண்ணீரில் கழுவினாலே போய்விடும். அடுத்த பூச்சு அதற்குப் பிறகுதான். கையுறை இல்லாமல் எபாக்சியைத் தொடவே கூடாது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க விடாது.

இனி வடிவம். நீர்மட்டத்தில் 16 அடி நீளம் உள்ள படகு சுமார் 5.4 நாட் வேகத்தில் போகும்போது, அது கிளப்பும் அலையின் நீளமும் படகின் நீளமும் ஒன்றாகிவிடும். மணிக்கு 10 கிலோமீட்டர்தான். அதற்கு மேல் போக நினைத்தால், படகு தன் அலையையே ஏறிக் கடக்க வேண்டும். தப்பிக்க வழி, நீரைப் பிளப்பதை விட்டு நீர்மேல் எழுந்து சறுக்குவது. அதற்கு எடை குறைவாகவும், அடிப்புறம் பின்பாதியில் நேராகவும், ஓரங்கள் கூராகவும் இருக்க வேண்டும். பிளைவுட் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் வளையும். கிண்ணம்போல இரு பக்கமும் வளையாது. அதன் இந்த வரம்பு, சறுக்கும் படகு கேட்கும் வடிவத்தோடு அப்படியே பொருந்துகிறது. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ஃபைபர் கிளாஸ் துணி கூரான ஓரத்தில் படியாது. முதலில் ஓரத்தை உருட்டித் துணியை ஒட்டி, பிறகு பின்பாதியில் மட்டும் கெட்டி எபாக்சியால் மறுபடி கூராக்குகிறார்கள். அங்கே நீர் ஓரத்தைச் சுற்றி மேலேறாமல் சட்டென்று பிரிந்துவிட வேண்டும்.

பூசி முடித்ததும் பெயின்ட் அவசியம், ஏனெனில் புற ஊதாக் கதிர் எபாக்சியைச் சிதைக்கும். நம் வெயிலுக்கு வெள்ளையே நல்லது. சாதாரண அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சி பெரும்பாலும் 50, 60 டிகிரி அளவிலேயே இளக ஆரம்பிக்கும். அடர்நிறம் பூசிய மேல்தளம் நண்பகலில் அதைத் தாண்டிவிடும்.

இத்தனையும் செய்த படகு உளுக்கத் தொடங்குவது பெரும்பாலும் மோட்டார் மாட்டும் பின்பலகையில், போல்ட் துளைகளில். துளையின் உட்சுவரில் பூச்சில்லாத மரம் திறந்து கிடக்கும். அதிலும் நாரின் வெட்டுமுனை பரப்பைவிடப் பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். போல்ட்டைவிடப் பெரிய துளையாகப் போட்டு, அதைக் கெட்டி எபாக்சியால் அடைத்து, நன்றாக இறுகிய பிறகு நடுவில் போல்ட் அளவுக்குத் துளையிடுங்கள். அப்போது போல்ட்டைச் சுற்றி எபாக்சிக் குழாய் நிற்கும், போல்ட் எந்த இடத்திலும் மரத்தைத் தொடாது.