ஹாப்ஸ் கொடிக்குத் தஞ்சையின் பகல் போதவில்லை

கும்பகோணம், ஐயம்பேட்டைப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, பீருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் கொடி முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. வெற்றிலையைப் போலவே அதிலும் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. அதையும் துண்டு நட்டே பெருக்குகிறார்கள். வெற்றிலை கணுவேர்களால் அகத்தியைப் பற்றி ஏறுகிறது. ஹாப்ஸோ தண்டிலுள்ள கொக்கி மயிர்களால் கயிற்றைப் பிடித்து, மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றியபடி 5, 6 மீட்டர் உயரம் செல்கிறது. கஞ்சாவின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆயினும் கஞ்சாவின் போதைப்பொருள் இதில் கிடையாது.

பயன்படுவது பெண் கொடியின் கூம்பு வடிவப் பூங்கொத்து மட்டுமே. அதன் செதில்களின் அடியில் மஞ்சள் தூளாகத் திரளும் லுப்புலினில் ஹியூமுலோன் முதலிய ஆல்ஃபா அமிலங்கள் உள்ளன. இவை நீரில் எளிதில் கரைவதில்லை. பீர் காய்ச்சுகையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கொதிக்கும்போது, அணுக்களின் எண்ணிக்கை மாறாமல் அமைப்பு மட்டும் மாறி, கரையக்கூடிய கசப்புப் பொருளாகின்றன. பீரைப் புளிக்கச் செய்து கெடுக்கும் லாக்டிக் பாக்டீரியாக்கள் பலவற்றை அடக்குவதும் அந்தக் கசப்பே. மணம் தரும் எண்ணெய்களோ ஆவியோடு போய்விடும் என்பதால், மணத்துக்கான ஹாப்ஸைக் கொதியின் கடைசியில்தான் இடுவார்கள்.

இக்கொடியைத் தஞ்சாவூரில் நட்டால் என்ன ஆகும்? வெயில்தான் தடை என்று பலரும் நினைப்பார்கள்; அதைவிடப் பெரிய தடை பகலின் நீளம். நம் பழைய சம்பா ரகங்கள், விதைப்பு முன்பின் ஆனாலும், பகல் குறுகும் பருவம் வந்த பிறகே கதிர்விடும் என்பதை டெல்டா உழவர்கள் அறிவார்கள். ஹாப்ஸும் அத்தகைய குறும்பகல் தாவரம்தான். ஆனால் அது 'குறுகிய பகல்' என்று கொள்ளும் அளவு வேறு: ரகத்துக்கு ரகம் மாறினாலும், பகல் ஏறக்குறைய 15, 16 மணி நேரத்துக்குக் கீழே இறங்கினாலே பூக்கத் தொடங்கிவிடும். அதன் தாயகமான வட அட்சரேகைப் பகுதிகளில் கோடைப் பகல் அதற்கும் நீள்வதால், கொடி முதலில் முழு உயரம் வளர்ந்து, பக்கக் கிளைகள் விட்டு, பிறகு பூக்கிறது. தஞ்சாவூரிலோ ஆண்டின் மிக நீண்ட பகலே சுமார் 12 மணி 45 நிமிடம்தான். ஆகவே இங்கு நட்ட கொடிக்கு எல்லா நாளும் இலையுதிர் காலம். பூக்கத் தேவையான சில கணுக்கள் உருவானதும், ஆளுயரம் வளர்வதற்குள்ளேயே பூத்து, சொற்பக் கூம்புகளோடு நின்றுவிடும்.

இலைகளிலுள்ள ஃபைட்டோகுரோம் என்னும் நிறமிப் புரதத்தின் வழியே செடி உண்மையில் அளப்பது இரவின் நீளத்தை. எனவே மாலையில் விளக்கேற்றிப் பகலை 16, 17 மணி நேரமாக நீட்டினால் பூப்பைத் தள்ளிப்போடலாம்; சாமந்தியில் பூக்கும் நாளைத் தள்ளிவைப்பவர்கள் செய்வதும் இதுவே. தென்னாப்பிரிக்காவின் ஜார்ஜ் நகரப் பகுதியிலும், உள்ளூருக்கேற்ற ரகங்கள் வரும்வரை, ஹாப்ஸ் தோட்டங்களில் மின்விளக்கு எரிந்தது. மொட்டை மாடிக் கொடிக்குச் சில எல்.இ.டி. பல்புகளே போதும், கொடி கயிற்றின் உச்சியை எட்டியதும் அணைத்துவிட வேண்டும். வேர்க்கிழங்குக்குக் குளிர் உறக்கம் கட்டாயம் என்ற பழைய நம்பிக்கையையும் 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு மறுத்துவிட்டது.

அடுத்த இடர் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. நம் களிமண்ணில் நீர் தேங்கினால் வேர்க்கிழங்கு அழுகும். ஆழமான தொட்டியில் மணலும் தொழுவுரமும் கலந்து நடுவதே நல்லது. தமிழ்நாட்டில் உரிமமின்றி வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம் என்பதால், இங்கு விளையும் கூம்பு தேநீருக்கும் ஆர்வத்துக்கும் மட்டுமே. தொட்டால் காகிதம்போல் சலசலத்து, பிளந்தால் உள்ளே மஞ்சள் தூள் விரலில் ஒட்டும்போது பறித்து, வெயில் படாத காற்றோட்டத்தில் உலர்த்த வேண்டும். நடுக்காம்பு வளையாமல் ஒடிகிற பதமே சேமிக்கும் பதம்.